மரத்தின் வேரும் மண்ணின் வளமும்

மரங்களால் நாம் அடையும் பயன்கள் யாவை என்று கேட்டால், நம் பள்ளியின் ஆறாம் வகுப்புத் தங்கையும் தயங்காமல் விடை சொல்வாள். நிழல், காய், கனி, விறகு, பலகை, தூய காற்று என்று விரல் மடக்கி எண்ணுவாள். அவை யாவும் தரைக்கு மேலே நாம் கண்டு அனுபவிப்பவை. தரைக்குக் கீழே மரம் தான் நிற்கும் மண்ணுக்கு என்ன தருகிறது, அம்மண்ணிடமிருந்து என்ன எடுத்துக்கொள்கிறது என்று கேட்டால், மேல் வகுப்பு மாணவியரும் சற்று யோசிக்க வேண்டியிருக்கும். அதனையே இக்கட்டுரையில் காண்போம்.

இக்கேள்வி நம் கொங்கு நாட்டுக்கு மிகவும் தேவையான ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் நம் சமவெளி அமைந்திருக்கிறது. மழை குறைவு, கிணறுகளில் நீர் ஆழத்துக்குப் போய்விட்டது, களை எடுக்கவும் அறுவடை செய்யவும் ஆட்கள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. எனவே பருத்தியும் சோளமும் நிலக்கடலையும் விளைந்த காடுகள் பலவற்றில் இன்று சவுக்கு, தைலமரம், மலைவேம்பு, தேக்கு ஆகியவை தோப்புகளாக வளர்கின்றன. கரூர் மாவட்டம் காகிதபுரத்திலும், ஈரோட்டை அடுத்த பள்ளிபாளையத்திலும் உள்ள காகித ஆலைகளுக்கு இவ்வாறு வளர்த்த மரம் செல்கிறது. சவுக்குத் தோப்பு நட்ட நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடுகிறது. லாரியில் மரம் போகிறது. உழவர் கையில் பணம் வருகிறது. ஆனால் அந்த நிலம் முன்னைவிட வளமாக இருக்கிறதா, வளம் குன்றிவிட்டதா? அடுத்த முறை நடும் கன்று எதை உண்டு வளரும்? இதற்கு விடை பெரும்பாலும் வேரில் இருக்கிறது.

கார்பன் மண்ணுக்குள் செல்லும் வழி

மரக்கட்டையை நன்றாக உலர்த்தி ஆராய்ந்தால், அதன் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன் என்று தெரியவரும். அந்தக் கார்பன் மண்ணிலிருந்து வந்ததன்று, காற்றிலிருந்து வந்தது. காற்றில் பத்தாயிரத்துக்கு நான்கு பங்கே உள்ள கரியமில வாயுவை இலைகள் உட்கொண்டு, சூரிய ஒளியின் உதவியால் சர்க்கரையாக மாற்றுகின்றன. இது நாம் பாடத்தில் படித்த ஒளிச்சேர்க்கை.

இலை சமைத்த சர்க்கரை முழுவதும் தண்டுக்கும் காய்க்கும் மட்டுமே போவதில்லை. அதில் ஒரு பெரும்பங்கு வேருக்கு அனுப்பப்படுகிறது. அங்கிருந்து அது மூன்று வழிகளில் மண்ணைச் சேருகிறது.

முதலாவது, நுண்வேர்கள் வழியாக. மரத்தைத் தாங்கி நிற்கும் பருத்த வேர்களை நாம் அறிவோம். ஆனால் நீரையும் உப்புகளையும் உறிஞ்சும் வேலையைச் செய்பவை 2 மில்லிமீட்டருக்கும் குறைவான பருமனுள்ள மெல்லிய வேர்களே. இவற்றுள் மிக மெல்லியவை இலைகளைப்போலத் தோன்றி, சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ வாழ்ந்து, மடிகின்றன. இலை உதிர்வதை நாம் காண்கிறோம். வேர் உதிர்வதை யாரும் காண்பதில்லை. ஆண்டுதோறும் மண்ணுக்குள்ளேயே இவ்வாறு மடியும் வேர் அங்கேயே மட்கிப் போகிறது.

இரண்டாவது, வேர் கசியவிடும் பொருள்கள் வழியாக. உயிருள்ள வேரின் நுனியிலிருந்து சர்க்கரைகள், அமிலங்கள், அமினோ அமிலங்கள், வழவழப்பான பசை ஆகியவை ஓயாமல் மண்ணில் கசிகின்றன. இது மரத்துக்கு வீண்செலவு என்று தோன்றலாம். ஆனால் இந்த உணவை நாடி எண்ணற்ற பாக்டீரியாக்கள் வேரைச் சூழ்கின்றன. வேரை ஒட்டிய அந்த மெல்லிய மண் படலத்துக்கு 1904ஆம் ஆண்டில் லோரன்ஸ் ஹில்ட்னர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 'ரைசோஸ்பியர்' என்று பெயர் சூட்டினார். வேர்மண்டலம் என்று நாம் அதனைக் கூறலாம். வெறும் மண்ணைக் காட்டிலும் வேர்மண்டலத்தில் நுண்ணுயிர்கள் பன்மடங்கு மிகுதியாக உள்ளன.

மூன்றாவது, வேருடன் கூட்டுவாழ்க்கை நடத்தும் பூஞ்சைகள் வழியாக. 1885இல் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு பிராங்க் என்பவர் இக்கூட்டுக்கு 'மைக்கோரைசா', அதாவது பூஞ்சைவேர், என்ற பெயரை வழங்கினார். இப்பூஞ்சையின் இழைகள் முடியைவிட மெல்லியவை. வேர் எட்டாத இடுக்குகளிலும் அவை நுழைந்து மணிச்சத்தையும் நீரையும் கொண்டுவந்து மரத்துக்குத் தருகின்றன. மரம் அதற்கு ஈடாகச் சர்க்கரை தருகிறது. அந்தச் சர்க்கரை பூஞ்சையிழையாக மாறி மண் முழுவதும் பரவுகிறது.

இம்மூன்று வழிகளாலும் மண்ணுக்குள் வந்த கார்பன், களித்துகள்களோடு ஒட்டிக்கொண்டும், சிறு மண் உருண்டைகளுக்குள் அடைபட்டும் நெடுநாள் தங்குகிறது. தரைமேல் விழும் சருகோ வெயிலிலும் காற்றிலும் கரையானிடத்தும் அகப்பட்டு விரைவில் கரியமில வாயுவாகிப் பறந்துவிடுகிறது. ஆதலால் மண்ணில் நிலைத்து நிற்கும் கார்பனில் இலையைவிட வேருக்கே பெரும்பங்கு உண்டென்பது ஆராய்ச்சியாளர் பலர் கண்ட உண்மை. உலகம் முழுவதும் ஒரு மீட்டர் ஆழம் வரை மண்ணில் உள்ள கரிமப் பொருள்களின் கார்பன், வளிமண்டலம் முழுவதிலும் உள்ள கார்பனைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று கணக்கிடுகிறார்கள்.

தழைச்சத்து எங்கிருந்து வருகிறது?

கார்பன் மண்ணுக்கு உணவு என்றால், அந்த உணவை உடலாக்கத் தேவைப்படுவது நைட்ரஜன். உழவர் இதனைத் தழைச்சத்து என்பர். இலையின் பசுமைக்கும் பயிரின் புரதத்துக்கும் இதுவே அடிப்படை.

காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆயினும், கடல் நடுவே தாகத்தால் தவிப்பவனைப்போல, மரம் அதன் நடுவே நின்றும் அதனை எடுக்க இயலாது. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் இறுகியிருப்பதே காரணம். 1913ஆம் ஆண்டு முதல் தொழிற்சாலைகளில் இந்தப் பிணைப்பை உடைத்து அம்மோனியா தயாரிக்கிறார்கள். அதற்கு 400 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பமும் மிகுந்த அழுத்தமும் வேண்டும். யூரியா மூட்டையின் பிறப்பிடம் இதுவே.

இதே வேலையைச் சில பாக்டீரியாக்கள் சாதாரண வெப்பத்திலேயே ஓசையின்றிச் செய்கின்றன. அவரை, துவரை, நிலக்கடலை போன்ற செடிகளின் வேரில் உள்ள முடிச்சுகளே இதற்குக் காரணம் என்பதை 1886இல் ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இரு ஜெர்மானியர் எடுத்துக்காட்டினர். 1888இல் டச்சு அறிஞர் பெய்யரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். அதுவே ரைசோபியம். உயிருள்ள ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருளே அந்நிறத்துக்குக் காரணம்.

காரணம் அறியாவிடினும் பயனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சோளத்தோடு தட்டைப்பயறும் அவரையும் சேர்த்து விதைத்ததும், கொளுஞ்சியையும் சணப்பையும் மடக்கி உழுததும் இதனாலேயே. மரங்களில் புங்கம், அகத்தி, சவுண்டல், கிளிரிசிடியா ஆகியவை முடிச்சு உடையவை. ஆனால் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம் எல்லாம் முடிச்சுடையது என்று எண்ணுதல் கூடாது. சாலையோரப் புளியமரமும் பொன்னிறமாய்ப் பூக்கும் சரக்கொன்றையும் அக்குடும்பத்தனவே; ஆயினும் அவற்றின் வேரில் முடிச்சு உண்டாவதில்லை.

சவுக்கு மரத்தின் தனிச்சிறப்பு

இதற்கு நேர்மாறாக, அவரைக் குடும்பத்தோடு எவ்வித உறவும் இல்லாத சவுக்கு மரத்தின் வேரில் முடிச்சுகள் உண்டு. பவளக்கொத்துப்போலக் கிளைத்துக் கட்டையாக இருக்கும் அவற்றுள் வாழ்வது 'பிராங்கியா' என்னும் நுண்ணுயிர். பூஞ்சைவேருக்குப் பெயரிட்ட அதே பிராங்க் அவர்களின் நினைவாக 1886இல் இதற்கு அப்பெயர் இடப்பட்டது. சவுக்கு ஆஸ்திரேலியாவுக்கும் தென்கிழக்காசியக் கடற்கரைக்கும் உரிய மரம். சத்தற்ற வெறும் மணலிலும் அது ஓங்கி வளர்வதற்கு இக்கூட்டாளியே காரணம்.

எவ்வளவு நைட்ரஜன் கிடைக்கிறது? ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் கடலோர மணலில் வளர்ந்த ஒரு சவுக்குத் தோப்பை ஆராய்ந்து 1963இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டொன்றுக்கு எக்டருக்கு ஏறத்தாழ 58 கிலோ. யூரியாவில் 100க்கு 46 பங்கு நைட்ரஜன் உள்ளது. இன்று கடையில் விற்கும் 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ நைட்ரஜன் இருக்கும். ஆகவே 58 கிலோ என்பது மூன்று மூட்டைக்குச் சற்றுக் குறைவு. எல்லாத் தோப்பிலும் இதே அளவு கிடைக்கும் என்று கொள்ளுதல் கூடாது. மண், நீர், மரத்தின் வயது ஆகியவற்றுக்கேற்ப இது மாறும். மணிச்சத்து குறைந்த மண்ணில் முடிச்சு சரிவர வளராது. யூரியாவை மிகுதியாகப் போட்டாலும் மரம் முடிச்சைப் பேணுவதில்லை. கடையில் கிடைக்கும்போது வீட்டில் சமைப்பானேன் என்பதுபோல!

இன்னொன்றும் உண்டு. பிராங்கியா இல்லாத புதிய நிலத்தில் நட்ட சவுக்குக்கு இந்தப் பயன் கிட்டாது. இதனால்தான் நாற்றங்காலில் பழைய சவுக்குத் தோப்பின் மண்ணைச் சிறிது கலக்கும் வழக்கம் ஏற்பட்டது. இன்று பிராங்கியாவை உயிர் உரமாகவே தயாரித்துக் கன்றுகளுக்கு இடுகிறார்கள். 1988இல் கோவையில் நிறுவப்பட்ட வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் சவுக்கு, தைலமரம் முதலியவற்றை ஆராய்ந்து வருகிறது. மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரியும் இருக்கிறது. இத்துறையில் பயில விரும்பும் மாணவியர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.

அரிசியும் உளுந்தும்

மண்ணில் விழுந்த சருகும் மடிந்த வேரும் உடனே சத்தாக மாறிவிடுமா? மாறாது. அவற்றை நுண்ணுயிர்கள் உண்டு செரிக்க வேண்டும். இங்கேதான் கார்பனும் நைட்ரஜனும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன.

நம் வீட்டு இட்லி மாவை எண்ணிப் பார்ப்போம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது அம்மா சொல்லும் அளவு. அரிசியை மட்டும் அள்ளிப் போட்டு அரைத்தால் இட்லி கல்லாகிவிடும். நுண்ணுயிருக்கும் இத்தகைய அளவு ஒன்று உண்டு. அதன் உணவில் ஏறத்தாழ 24 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் இருத்தல் வேண்டும். பயறு வகைச் செடியின் பசுந்தழை இந்த அளவை ஒட்டியோ இன்னும் நைட்ரஜன் மிகுந்தோ இருக்கும். எனவே விரைவில் மட்கி, மிஞ்சிய நைட்ரஜனை மண்ணுக்கு விடுகிறது. வைக்கோலில் கார்பன் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மரத்தூளிலோ இன்னும் மிகுதி. அவற்றை மண்ணில் இட்டால் நுண்ணுயிர்கள் பக்கத்து வீட்டில் உளுந்து கடன் வாங்குவதுபோல மண்ணில் இருந்த நைட்ரஜனையும் எடுத்துக்கொள்கின்றன. சில காலம் பயிர் மஞ்சளித்து நிற்கும். பிறகு அந்த நுண்ணுயிர்கள் மடியும்போதுதான் கடன் திரும்பி வருகிறது.

சவுக்கின் சருகு இத்தகையதே. ஊசி இலை என்று நாம் நினைப்பவை உண்மையில் மெல்லிய பச்சைக் குச்சிகள்; இலைகள் அவற்றின் கணுக்களில் சிறு பற்களைப்போல் ஒட்டியிருக்கும். குச்சியானது பழுத்து உதிர்வதற்கு முன் மரம் அதிலுள்ள நைட்ரஜனில் ஒரு பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ஆகவே தோப்பில் சருகு மெத்தைபோல் கனத்துக் கிடந்தாலும் மெல்லவே மட்கும். அந்த மெத்தை வீணன்று. ஈரத்தைக் காத்து, மண்ணை வெயிலினின்று மறைத்து, சிறுகச் சிறுகச் சத்தை விடுவிக்கும் சேமிப்பு அது. அடுப்பெரிக்க அதனை வாரிச் சென்றால் சேமிப்பையே வாரிச் செல்கிறோம்.

வேர் சேர்க்கவும் செய்யும், செலவழிக்கவும் செய்யும்

இதுவரை கூறியதைக் கொண்டு, வேர் இருந்தால் மண்ணில் கார்பன் பெருகிக்கொண்டே போகும் என்று முடிவு கட்டிவிடலாகாது. வேர் கசியவிடும் சர்க்கரையை உண்டு உரம் பெற்ற நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் போதாமல் போனால், அவை மண்ணில் பல ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த பழைய மட்கையும் உடைக்கத் தொடங்குகின்றன. பாக்டீரியாக்களை அவற்றினும் சற்றுப் பெரிய நுண்ணுயிர்கள் உண்டு, மிஞ்சிய நைட்ரஜனைக் கழிவாக விடுகின்றன. அதனை வேர் உறிஞ்சிக்கொள்கிறது. மரத்துக்கு இது ஆதாயம். ஆனால் அதே வேளையில் பழைய மட்கிலிருந்த கார்பன் கரியமில வாயுவாகி வெளியேறுகிறது.

ஆகவே வேர்மண்டலம் ஒரு வரவு செலவுப் புத்தகம் போன்றது. மடிந்த வேர், கசிவு, பூஞ்சையிழை, முடிச்சின் நைட்ரஜன் ஆகியவை வரவு. மட்கு எரிதல், மரத்தோடு வெளியேறும் சத்து ஆகியவை செலவு. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் மண் சூடாக இருப்பதால் ஈரம் கிடைத்தவுடன் மட்கு விரைவாகச் செலவாகிறது. எனவே வரவு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது இங்கு இரட்டிப்புத் தேவை. மண்ணின் வளம் ஓராண்டில் கூடுவதும் இல்லை. ஓராண்டில் குறைவதும் இல்லை. இதனை நெடுங்காலம் கவனித்து அறிவதற்கென்றே கோவை வேளாண் கல்லூரி நிலத்தில் 1909ஆம் ஆண்டில் நிலையான எருச் சோதனை தொடங்கப்பட்டது என்பது நம் ஊருக்குப் பெருமை தரும் செய்தி.

மரத்தை வெட்டிய பின்

தோப்பை வெட்டும் நாளில்தான் இந்தக் கணக்கு பெரிதும் மாறுகிறது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மலைக்காடான ஹப்பார்டு புரூக்கில் இதனைச் சோதித்துப் பார்த்தார்கள். 1965ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில், ஒரு சிற்றோடையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த மரங்கள் அனைத்தையும் வெட்டி அங்கேயே கிடத்தினர். ஒரு மரமும் வெளியே கொண்டு செல்லப்படவில்லை. அடுத்து மூன்று ஆண்டுகள் அங்கு எதுவும் துளிர்க்காதபடி களைக்கொல்லி தெளித்தனர். விளைவு என்ன? ஓடை நீரில் நைட்ரேட்டின் அளவு பன்மடங்கு உயர்ந்து, குடிநீருக்குரிய எல்லையையும் கடந்துவிட்டது. நுண்ணுயிர்கள் வழக்கம்போல் மட்கை நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டிருந்தன. அதனை உறிஞ்சிப் பிடித்து வைக்க உயிருள்ள வேர் இல்லை. மண் பல்லாண்டு சேர்த்த தழைச்சத்து மழைநீரோடு கரைந்து ஓடிவிட்டது. உயிருள்ள வேர் சத்தை உண்பதோடு, அது ஓடிவிடாமல் காக்கும் வேலியாகவும் இருக்கிறது என்பதை இதனின்று அறிகிறோம்.

இதற்குப் பொருத்தமான வேறோர் எடுத்துக்காட்டு நம் ஆனைமலையிலேயே உண்டு. பொள்ளாச்சிக்குத் தெற்கே உள்ள டாப்ஸ்லிப்பை நம்மில் பலர் சுற்றுலாவில் கண்டிருப்போம். வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடமாதலால் அப்பெயர் வந்தது. கப்பலுக்கும் இரயில் பாதைக்கும் தேக்கு பெருமளவில் வெட்டப்பட்டுக் காடு அழிந்துவந்த நிலையில், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குப் பணியாற்றிய வன அதிகாரி ஹியூகோ உட், தேக்கை மீண்டும் வளர்க்க முனைந்தார். மரத்தை வேரோடு பறிக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டி, அதிலிருந்து துளிர்ப்பதை வளர்ப்பது அவர் கையாண்ட முறை. நம் ஊர்க் கட்டைக்கரும்பும் இம்முறைதான். அடிக்கட்டை உயிரோடு இருந்தால் வேரும் உயிரோடு இருக்கும். வேர் இருந்தால் மண் கரையாது, சத்தும் ஓடாது, புதுத் துளிருக்கு ஆயத்தமான வேர்த்தொகுதியும் கிடைக்கும். 1933இல் மறைந்த அவருடைய கல்லறை டாப்ஸ்லிப்பில் தேக்கு மரங்களுக்கு நடுவே இருக்கிறது.

தேக்கும் தைலமரமும் அடிக்கட்டையிலிருந்து நன்கு துளிர்க்கும். நாம் வளர்க்கும் சவுக்கு அவ்வாறு துளிர்ப்பது அரிது. மேலும் சவுக்கை வெட்டிய பின் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி விறகாக விற்பதும் பல இடங்களில் வழக்கம். உழவருக்கு அதனால் சிறிது பணம் கிடைப்பது உண்மை. எனினும் வேரைத் தோண்டும்போது, மண்ணில் நெடுநாள் தங்க வேண்டிய கார்பனும், முடிச்சுகளில் உள்ள நைட்ரஜனும், கூட்டாளி நுண்ணுயிர்களும் சேர்ந்தே வெளியேறுகின்றன. கிளறிய மண்ணில் காற்றுப் புகுந்து எஞ்சிய மட்கும் விரைவில் எரிகிறது. நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை தண்டு, மிளார், சருகு, வேர் என எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே போனால், நைட்ரஜன் சேர்க்கும் மரத்தை வளர்த்தும் நிலம் ஏழையாகிவிடும்.

இங்கு ஓர் ஆறுதலான செய்தியும் உண்டு. விலை போகும் தண்டுக்கட்டையில் நைட்ரஜன் மிகக் குறைவு. இலை, மிளார், பட்டை, நுண்வேர் ஆகியவற்றிலேயே அது செறிந்துள்ளது. ஆகவே தண்டை விற்றுவிட்டு மற்றவற்றைக் காட்டிலேயே விட்டால், பணத்தில் பெரும்பகுதி கைக்கு வரும். சத்தில் பெரும்பகுதி மண்ணில் நிற்கும். தோப்பை வெட்டியதும் முதல் மழையிலேயே கொள்ளோ தட்டைப்பயறோ விதைத்தால், புதிய வேர் உடனே பரவி, ஓடிவிடக்கூடிய நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

புல்லின் வேரையும் மறவோம்

மரமே இல்லாத இடமெல்லாம் பாழ்நிலம் என்றும், எங்கும் மரம் நட்டால் மண் வளம் பெறும் என்றும் நாம் மேடைகளில் பேசுகிறோம். இதனைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். நீலகிரியின் உயரமான புல்வெளிகளில் 19ஆம் நூற்றாண்டு முதல் தைலமரமும் சீகை மரமும் நடப்பட்டன. ஆனால் அப்புல்வெளியின் மண் ஏற்கெனவே புல்வேர்களால் கருமை பாய்ந்து கார்பன் நிறைந்திருந்தது. சீகை மரம் நைட்ரஜனைச் சேர்க்க வல்லது. எனினும் அங்கு அது புல்வெளியை விழுங்கிப் பரவும் தொல்லையாகிவிட்டது. ஆகவே ஒரு மரம் நல்லதா என்பது அது நிற்கும் இடத்தையும் பொறுத்தது.

மரமும் புல்லும் அளவோடு சேர்ந்து வாழ்வதைக் காண விரும்பினால் காங்கயம், தாராபுரம் பக்கம் சென்று கொறங்காடுகளைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரங்கள். அவற்றிடையே மேயும் காங்கயம் மாடுகளும் செம்மறியாடுகளும். புல்லின் வேர் மேல்மண்ணை வலைபோல் பின்னிக் காக்கிறது. மரத்தின் வேர் ஆழத்துக்குச் சென்று அங்குள்ள நீரையும் சத்தையும் மேலே கொண்டுவந்து இலையாக உதிர்க்கிறது. மாடு மேய்ந்த புல் சாணமாகி அங்கேயே விழுகிறது. மாறி மாறி மேய விடுவதால் புல்லின் வேருக்கு ஓய்வும் கிடைக்கிறது. உழாமலே தலைமுறை தலைமுறையாகப் பயன் தரும் இந்நிலத்தை நம் கொங்குக் குடியானவர்கள் மழை குறைந்த மண்ணுக்கென்றே உருவாக்கினர்.

நாமே செய்து பார்க்கலாம்

தோழியரே! இவற்றை நூலில் படிப்பதோடு நில்லாமல் கண்ணாரக் காண்பதற்கு எளிய சோதனைகள் மூன்று உள்ளன.

ஒன்று: பூக்கும் பருவத்து நிலக்கடலை அல்லது தட்டைப்பயறுச் செடி ஒன்றை மண்ணோடு மெல்லப் பெயர்த்து, வாளி நீரில் அலசுங்கள். வேரில் உள்ள முடிச்சுகளை எண்ணுங்கள். சிலவற்றைக் கீறி உள்நிறம் பாருங்கள். சிவந்திருந்தால் வேலை செய்கிறது என்றும், பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது என்றும் பொருள்.

இரண்டு: முதிர்ந்த மரத்தடியிலிருந்து ஒரு மண்கட்டியும், புல் பூண்டு இல்லாத வெற்று நிலத்திலிருந்து ஒரு மண்கட்டியும் எடுத்து நன்கு உலர்த்துங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நீர் நிரப்பி மெதுவாக உள்ளே விடுங்கள். வெற்று நிலத்து மண் பொதுவாக விரைவில் கரைந்து நீரைக் கலக்கும். வேரும் மட்கும் பிணைத்த கட்டி நெடுநேரம் உருக்குலையாமல் இருக்கும். மழையில் எந்த மண் அடித்துச் செல்லப்படும் என்பது அப்போது விளங்கும்.

மூன்று: பள்ளித் தோட்டத்தில் உதிரும் சருகைக் கூட்டி எரிக்காமல் ஒரு குழியில் இட்டு, பச்சைத் தழையும் சாணக் கரைசலும் சேர்த்து மூடுங்கள். வேறொரு குழியில் சருகை மட்டும் இட்டு நீர் தெளித்து வாருங்கள். எது முன்னதாக மட்குகிறது என்று மாதந்தோறும் குறித்து வைத்தால் அரிசி உளுந்துக் கணக்கு நன்கு மனத்தில் பதியும்.

முடிவுரை

காற்றிலிருந்து கார்பனை மண்ணுக்குள் கொண்டு செல்வது வேர். நுண்ணுயிர்களின் துணையோடு நைட்ரஜனைச் சேர்ப்பது வேர். சேர்த்ததை மழையில் ஓடவிடாமல் பிடித்து வைப்பதும் வேரே. ஆகவே ஒரு தோப்பை எத்தனை டன் விளைந்தது என்பதைக் கொண்டு மட்டும் மதிப்பிடாமல், வெட்டிய பின் மண்ணில் என்ன மிஞ்சியது என்பதையும் கேட்கப் பழகுதல் வேண்டும். நம் இல்லங்களில் தந்தையரும் பாட்டன்மாரும் அடுத்த தோப்பை வெட்டும் ஆண்டில், "கட்டையை விற்போம், சருகையும் மிளாரையும் வேரையும் காட்டுக்கே விட்டுவிடுவோம்" என்று சொல்லும் துணிவு அவர்தம் மகளிரான நமக்கு உண்டாகட்டும். படித்த அறிவு நிலத்துக்குப் பயன்படும் நாள் அதுவே.